பின் இடது இருக்கை

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. நள்ளிரவில் அல்ல, சுடுகாட்டிலும் அல்ல. ஆகஸ்ட் மாதத்துப் பட்டப்பகலில், இத்தாலியின் பலேர்மோ துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு வாகன விற்பனை முற்றத்தில் தொடங்கியது.

அனுசன் வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றிக் கொடுப்பவன். அதற்கு ஒரு சாதாரண வான் போதும். ஆனால் அவனுக்கு வேகப் பைத்தியம். பந்தயக் கார் போலப் பறக்கிற பிக்கப் ஒன்று வேண்டும் என்று மனைவி கேசிகாவின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தான். முற்றத்தில் அப்படி இரண்டு நின்றன. ஒரே வகை, இரண்டு தலைமுறை. பழையதில் எட்டுச் சிலிண்டர். முடுக்கினால் தெருவே அதிரும். புதியதில் ஆறுதான், ஆனால் இரட்டை டர்போ. பழையதைவிட வேகம், சத்தம் குறைவு. உள்ளே பெரிய திரை. எதற்கெடுத்தாலும் எச்சரிக்கை மணி.

"புதுசை எடுங்கோ. பிள்ளைக்குப் பாதுகாப்பு" என்றாள் கேசிகா.

"அது வண்டியே? கைத்தொலைபேசிக்குச் சில்லுப் பூட்டின மாதிரி" என்றான் அனுசன்.

"இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்" என்று சாவிகளைக் கொடுத்துவிட்டு, முற்றத்துக்காரர் சால்வோ சாப்பிடப் போய்விட்டார். வெயிலுக்குப் பயந்து ஊரே கதவடைத்துக் கிடந்தது. வீதியில் நாய்கூட இல்லை.

முதலில் பழையது. ஏழு வயது மகள் சிவானுஜா அப்பாவுக்கு நேர் பின்னே, இடது பக்கம் ஏறினாள். இருக்கைகள் எல்லாம் தேய்ந்திருந்தன. அவள் போட்ட பெல்ட் மட்டும் புத்தம் புதிது.

"முந்தி வைச்சிருந்தவன் கவனமாய்ப் பாத்திருக்கிறான்" என்று அனுசன் மெச்சிக்கொண்டான்.

கடற்கரை வீதியில் முடுக்கினான். இயந்திரம் உறுமியது. பிடரியில் மட்டும் ஏனோ குளிர்ந்தது. திரும்பி வந்து நிறுத்தியபோது, சிவானுஜா வலது கதவோடு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் பிள்ளை அங்கை மாறினனீ?"

"இடம் காணாதம்மா."

மூன்று பேர் இருக்கும் இருக்கை. ஒரு சின்னப் பிள்ளை. கேசிகா சிரித்துவிட்டாள்.

அடுத்தது புதியது. இருக்கைகளின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கழற்றப்படவில்லை. புறப்பட்டதும் திரையில் இருக்கைகளின் படம் வந்தது. பெல்ட் போட்டவருக்குப் பச்சை, போடாதவருக்குச் சிவப்பு. அனுசன், கேசிகா, பின் வலதில் சிவானுஜா... மூன்றும் பச்சை.

பின் இடது... சிவப்பு.

டிங்... டிங்... டிங்...

அனுசன் ஓரங்கட்டினான். இறங்கிப் பின்கதவைத் திறந்தான். இடது இருக்கையில் யாரும் இல்லை. ஒரு பைகூட இல்லை. கையை வைத்துப் பார்த்தான். வெளியே நெருப்பாய் வெயில். அந்தப் பிளாஸ்டிக் மட்டும் ஐஸ் போல...

வெறும் இருக்கைக்குப் பெல்ட்டைப் பூட்டினான். மணி நின்றது. இரண்டு தெரு தாண்டினார்கள்.

டிக்.

பெல்ட் தானாகக் கழன்றது.

டிங்... டிங்...

"இதிலை என்னவோ இருக்கு" என்றாள் கேசிகா. "இது வேண்டாம். பழசையே எடுங்கோ."

பழையதை எடுத்தார்கள். பழையது ஒன்றும் சொல்லாது.

அது ஒன்றும் சொல்லவும் இல்லை. ஆனால் சிவானுஜா ஒவ்வொரு நாளும் வலது கதவோடு ஒட்டியே வந்தாள். ஒருநாள் குளிக்கவார்க்கும்போது கேசிகா பார்த்தாள். பிள்ளையின் இடது கையில் நீலமாய் விரல் அடையாளங்கள்.

"ஆர் நுள்ளினது?"

சிவானுஜா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அனுசன் சால்வோவிடம் ஓடினான். "அந்தப் புதியதை முன்பு யார் வைத்திருந்தது?"

"யாரும் இல்லை. கப்பலில் வந்து இறங்கிய கையோடு நீங்கள்தான் முதலில் ஓட்டினீர்கள்."

"அப்படியென்றால் பழையது?"

சால்வோ சிகரெட்டைப் பற்றவைத்தார். "பின் இடது பெல்ட்டை நான்தான் மாற்றினேன். முந்தினதை அறுத்துத்தான் ஆளை வெளியே எடுத்தார்கள்."

எந்த ஆள்? சால்வோ சொல்லவில்லை. வண்டியைத் திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றுவிட்டார்.

அனுசனுக்கு எல்லாம் விளங்கியது. அது பழைய வண்டியில் இருந்தது. அவர்களோடு இறங்கி, அவர்களோடு புதியதில் ஏறியது. புதிய வண்டி அதைக் காட்டிக்கொடுத்தது. அவ்வளவுதான்.

அன்றைக்கே அவன் பிறின்ஸைத் தேடிப் போனான். அனுசனின் வதிவிட அனுமதிக்காக, பெர்மெஸ்ஸோவுக்காக, குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்து வாசலில் அவனோடு மழையில் நின்ற ஒரே நண்பன் பிறின்ஸ். அவனும் பிக்கப் தேடிக்கொண்டிருந்தான்.

"புதுசெல்லாம் வெறும் கத்தல், மச்சான். எடுத்தால் என்ர பழசை எடு" என்றான் அனுசன்.

"பின்னாலை என்ர பிள்ளையள் பயமில்லாமல் இருக்கலாமோ?" என்று கேட்டான் பிறின்ஸ்.

"ஓமடா" என்றான் அனுசன். கண்கூட இமைக்கவில்லை. "என்ர பிள்ளை இருந்தவள்தானே."

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சாவி கைமாறியது. பிறின்ஸ் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனான். அனுசன் ஒரேத்தோவில் இருந்த வீட்டுக்கு டாக்ஸி பிடித்தான். அவன் முன்னால், கூட வந்திருந்த சிவானுஜா பின்னால்.

கைத்தொலைபேசி அடித்தது. பிறின்ஸ்.

"மச்சான், என்ன வண்டியடா! பிள்ளையள் பின்னாலை காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வருதுகள். அவ்வளவு இடம்!"

அவ்வளவு இடமா?

டிங்...

டிங்...

டாக்ஸிக்காரர் திரையைப் பார்த்தார். "பின்னால் இருப்பவரைப் பெல்ட் போடச் சொல்லுங்கள்."

"என் மகள் போட்டிருக்கிறாள்."

"மகள் இல்லை. மற்றவர்."

அனுசன் மெல்லத் திரும்பினான்.

வலது கதவோடு நசுங்கிக்கொண்டிருந்தாள் சிவானுஜா.

டிங்...

"இடம் காணாதப்பா."