பஸ்ஸில் உட்காராதவள்

நான் ஓர் ஊரில் ஆறு மாதம் தங்காதவன். சொந்த ஊரான வேலந்தாவளத்திலிருந்து மறையூர்க் கரும்புக்காடு வரை என் மனைவியும் கூடவே வந்தாள். நான் கரும்பு வெட்டுவேன், அவள் கட்டுகளைச் சுமப்பாள்.

பஸ்ஸில் இடம் இருந்தாலும் அவள் நின்றுகொண்டேதான் வருவாள். "மகாராணிக்குச் சீட்டு முள்ளாக் குத்துதா?" என்று எல்லோர் முன்னும் கேலி செய்திருக்கிறேன்.

போன மாதம் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில்தான் காரணம் தெரிந்தது. இருமினாலும் சுமை தூக்கினாலும் சிறுநீர் கசிந்துவிடுமாம். சீட்டு நனைந்துவிடுமோ என்று பயந்துதான் உட்காரவில்லையாம். இரண்டாவது பிரசவத்திலிருந்தே அப்படித்தானாம். அந்த மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது.

டாக்டரம்மா இரண்டு ஆபரேஷன்களைச் சொன்னார். சிறுநீர்க் குழாயைத் தாங்கச் செயற்கை நாடா வைத்தால் சீக்கிரம் வீடு திரும்பலாம். ஆனால் அது உள்ளேயே இருக்கும், சிலருக்குப் பின்னால் தொந்தரவு தரலாம். அவள் வயிற்றுத் தசையின் உறையிலிருந்தே பட்டை எடுத்து வைத்தால் கீறல் பெரிது, தேற நாளாகும்.

"நாடாவே வெச்சுருங்க. கரும்பு வெட்டு தொடங்குது, சுமக்க ஆள் வேணும்" என்றேன்.

டாக்டரம்மா அவளைப் பார்த்தார்.

"எதுலீங்க நான் பஸ்ஸுல உக்காந்து போலாம்?" என்று கேட்டாள்.

"பெரும்பாலும் ரெண்டுலயும் போலாம்."

"அப்ப வயித்துலயே எடுங்க. நாளாகுமுன்னீங்கல்ல, அத்தன நாளும் படுத்துக்கறேன்."

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு திரும்பினோம். பஸ் காலியாக இருந்தது. அவள் கம்பியைப் பிடித்து நின்றாள். உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எழுந்து பக்கத்தில் போய் நின்றேன்.

"உக்காருங்க, உங்களுக்கென்ன" என்றாள்.

பத்தொன்பது வருடம் அவள் நின்றாள். நான் நின்றது வேலந்தாவளம் வரைக்கும்தான்.