குவைத்தில் ஓட்டுக் கேட்ட கதை

போன மாதம் எங்கள் ஊராட்சித் தேர்தலில் என் மதினி வார்டு உறுப்பினருக்கு நின்றார். பிரசாரத்துக்கு நான்தான் இன்சார்ஜ். முதல் நாள் ஓட்டுக் கேட்க எங்கே போனோம் தெரியுமா?

குவைத்துக்கு.

ஃப்ளைட் எல்லாம் ஏறவில்லை பாஸ்... வீடியோ கால்!

எங்கள் ஊர் அமராவதிபுதூர் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. எங்கள் வார்டில் ஆண்கள் பாதிப் பேர் ஊரில் கிடையாது. சிங்கப்பூர், குவைத், துபாய்... ஒருத்தர் மட்டும் ராணுவம். என் அண்ணன், அதாவது மதினியின் கணவர், சிங்கப்பூரில் கட்டட வேலை சூப்பர்வைசர். வெளிநாட்டில் இருக்கிறவர் ஓட்டுப் போட வேண்டுமென்றால் நேரில் வந்து வரிசையில் நிற்க வேண்டும். ஒரு வார்டு மெம்பருக்காக யார் லீவு போட்டு டிக்கெட் எடுப்பார்? ஒருத்தரும் வர மாட்டார்.

ஆனால் போன் வரும். யாருக்குப் போட வேண்டும் என்று பொண்டாட்டிக்கு, அம்மாவுக்கு, ஓட்டு வயசு வந்த பிள்ளைகளுக்கு அங்கிருந்தே உத்தரவு வரும். அதனால் எங்கள் ஊரில் ஓட்டுக் கேட்கிறவர்கள் முதலில் ஊரில் இல்லாதவரைத்தான் பிடிப்பார்கள். ரொம்ப வருஷமாக இதுதான் நடைமுறை.

அண்ணனும் அதைத்தான் சொன்னான்.

"ஏ பாப்பா, வீடு வீடாப் போயி வெயில்ல காயாதீக. ஆளப் புடி. ஆளு ஒரு வார்த்த சொன்னாப் போதும், வீட்டு ஓட்டு பூராம் மொத்தமா விழுந்துரும்."

எனக்கா சொல்லித் தர வேண்டும்? படித்த திமிர் வேறு. உடனே லேப்டாப்பைத் திறந்து எக்செல் ஷீட் போட்டேன். வீட்டுக்காரர் பெயர், நாடு, வீட்டில் எத்தனை ஓட்டு. நமக்கு என்றால் பச்சை, எதிராளிக்கு என்றால் சிவப்பு. வெள்ளிக்கிழமை குவைத்துக்கு லீவு, அன்றைக்குக் குவைத். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர். பார்த்தால் ஏதோ பெரிய கட்சி ஆபீஸ் மாதிரி... செம கெத்தாக இருந்தது.

மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எம்.காம். படித்தவர், பெயர் சித்ரா. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'சிங்கப்பூர்க்காரர் வீடு' — அவ்வளவுதான். தேர்தல் நோட்டீஸ் அச்சாகி வந்த அன்று, அதில் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கல்யாணப் பத்திரிகைக்கு அப்பறம் இப்பத்தான் பாப்பா அடிச்சிருக்காக." அவருக்கு ஜெயிக்க வேண்டும். என்னைவிட, அண்ணனைவிட, அவருக்குத்தான் அந்த வெறி.

எதிராளி சேகர். எங்களுக்குச் சித்தப்பா முறை. பழைய மெம்பர். தண்ணீர்த் தொட்டி மோட்டார் ரூம் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும்.

வீடியோ காலில் என்னென்ன கேட்டார்கள் என்கிறீர்கள்? ஊர் முகப்பில் ஆர்ச். கோயில் வாசலில் ஹைமாஸ்ட் லைட். பிள்ளைகள் விளையாட வாலிபால் கிரவுண்ட். சிங்கப்பூரில் ஒரு ரூமில் ஆறு பேர் சமைத்துக்கொண்டே பேசினார்கள். "மதினி, ஆர்ச்சுல பேரு நல்லாப் பெருசா இருக்கணும். லீவுக்கு வந்து எறங்குனதும் அதுக்குக் கீழ நின்டு போட்டோ எடுக்கணும்ல!" மதினி போனைப் பார்த்துக் கும்பிட்டார். நான் எல்லாவற்றையும் நோட்டீஸில் ஏற்றினேன். ஆர்ச் முதல் வரி.

குவைத்தில் டிரைவராக இருக்கும் முத்துக்கருப்பன் மட்டும் நேரடியாகப் பேசினார். "தப்பா நெனைக்காதீக மதினி. எனக்கு விசா எடுத்துக் குடுத்ததே சேகரு மாமா மகன்தான். எங்க வீட்டு மூணு ஓட்டும் அங்குட்டுத்தான். வீட்லயும் சொல்லிட்டேன்."

சிவப்பு. மூன்று ஓட்டு அவுட்.

ராணுவத்தில் இருக்கும் பாண்டி அண்ணனுக்குச் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. நாலு நாள் அடித்துப் பிடித்தோம். "வீட்ல ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே" என்றேன். சிரித்தார்.

"எம்.எல்.ஏ., எம்.பி. எலெக்சனுக்கு எங்களுக்கு ஓட்டுச் சீட்டு யூனிட்டுக்கே கம்ப்யூட்டர்ல வந்துரும் பாப்பா. பிரிண்ட் எடுத்து, குறி போட்டு, கவருக்குள்ள வச்சு ஒட்டித் தபால்ல போட்டுருவோம். நான்தான் போட்டேன்டு ஆபீசரு கையெழுத்துப் போடுவாரு. யாருக்குப் போட்டேன்டு அவருக்கே தெரியக் கூடாது. எங்க ஆபீசரே கேக்காதத நான் எம் பொண்டாட்டிகிட்டக் கேக்கவா?"

"அப்ப வீட்ல சொல்ல மாட்டீகளா?"

"வீடு அங்கனதான இருக்கு. நீங்களே போயிச் சொல்லுங்க."

என்ன மனுஷன்டா இவர் என்று தோன்றியது. பச்சையும் போட முடியாமல், சிவப்பும் போட முடியாமல், மஞ்சள் போட்டு வைத்தேன். அவர் சொன்னதில் இருந்த விஷயம் அப்போது இந்த மரமண்டைக்கு ஏறவில்லை.

தேர்தலுக்கு ஐந்து நாள் இருந்தது. பச்சை வீடுகளுக்கு மட்டும் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் லேப்டாப்போடு நானும் மதினியும் போனோம். சிவப்பு வீட்டில் நேரத்தை வீணாக்குவானேன்? முத்துக்கருப்பன் வீட்டைத் தாண்டும்போது அவர் மனைவி வள்ளிக்கண்ணு நடுரோட்டில் வந்து நின்றுவிட்டார். கையில் காலிக் குடம்.

"என்ன, எங்க வீட்டத் தாண்டித் தாண்டிப் போறீக? எங்களுக்கெல்லாம் ஓட்டு இல்லையா?"

மதினி தடுமாறிவிட்டார். "இல்ல வள்ளி... ஒங்க வீட்டுக்காரருகிட்டப் பேசுனோம்..."

"அவுககிட்டப் பேசுனா? அவுக ஓட்டுப் போட வாராகளா? அம்புட்டுத் தொலவு குவைத்து வரைக்கும் போயிக் கேட்டீகளே, இந்தா இருக்கிற வாசலுக்கு வர முடியலையாக்கும்?"

என் கையிலிருந்த நோட்டீஸைப் பிடுங்கிப் படித்தார். "ஆர்ச்சு... வெளக்கு... வாலிபாலு... இது யாரு கேட்டா?"

நோட்டீஸைத் திருப்பி என்னிடமே நீட்டினார்.

"தொட்டித் தண்ணிய மத்தியானம் ஒரு மணிக்குத் தொறந்து விடுறாரு சேகரு மாமா. அந்நேரம் நாங்க அம்புட்டுப் பேரும் நூறு நாள் வேலையில நிக்கிறோம். வந்து பாத்தா குழாயில காத்துத்தான் வருது. காலைல ஏழு மணிக்குத் தொறக்கணும். அம்புட்டுதான். இத எழுத ஒங்க நோட்டீஸ்ல எடமில்லையா?"

மதினி என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் தனியாகப் போர்வெல் இருக்கிறது. அண்ணன் பணம் அனுப்பிப் போட்டது. அதே ஊரில் இருந்தும் தொட்டித் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. வெயிலா, வெட்கமா... முகம் எரிந்தது எனக்கு.

மதினி வண்டியிலிருந்து இறங்கினார். "பாப்பா, அந்த லேப்டாப்ப மூடி வச்சுட்டு வா" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தார். அப்புறம் நாலு நாள் ஒரு வீடு விடவில்லை. பச்சை, சிவப்பு, மஞ்சள் எல்லாம். பாண்டி அண்ணன் வீட்டில் அவர் மனைவி காப்பி கொடுத்து உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசினார். அத்தனை வாசலிலும் கோரிக்கை ஒன்றுதான், காலை ஏழு மணி. நோட்டீஸில் ஆர்ச்சை அடித்துவிட்டு அதையே எழுதிக் கொடுத்தோம். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கத்தினான்: "ஆர்ச்ச எதுக்கு எடுத்தீக? பசங்க கோவிக்கிறாய்ங்க!" மதினி போனை என் கையில் திணித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

தேர்தல் அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்குள் போன் கொண்டு போகக் கூடாது என்றார்கள். பெண்கள் எல்லாரும் என்ன செய்தார்கள்? ரோட்டோரம் வேப்ப மரத்தடியில் நின்ற என்னிடம் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். ஒரு கட்டத்தில் என்னிடம் ஒன்பது போன்! ஒன்பதும் மாற்றி மாற்றி அடிக்கிறது... சிங்கப்பூர், குவைத், துபாய், மறுபடி குவைத். உள்ளே அவரவர் தனியாக மறைவுக்குப் பின்னால் நின்று முத்திரை குத்திக்கொண்டிருக்கிறார்கள். உத்தரவு போட்டவர்கள் எல்லாம் வெளியே என் துப்பட்டாவில் கிடந்து அதிர்கிறார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றையும் நான் எடுக்கவில்லை.

வள்ளிக்கண்ணு, அவர் மாமியார், காலேஜில் சேர்ந்திருக்கும் மகள் — மூன்று பேரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள். போனை வாங்கியதும் மறுபடி அடித்தது. முத்துக்கருப்பன்தான்.

"போட்டியா?"

"போட்டாச்சு, போட்டாச்சு."

"நான் சொன்ன மாதிரிதான?"

"நீங்க சொன்னத மறப்பேனா நானு?"

பக்கத்தில் நின்ற மதினி காதில் இது விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. "மூணு ஓட்டு போச்சு பாப்பா" என்றார் ஒரு தடவை.

எண்ணி முடித்தார்கள். மதினி ஐந்து ஓட்டில் ஜெயித்தார்!

ஐந்தே ஐந்து. அந்த மூன்று ஓட்டு சித்தப்பா பக்கம் போயிருந்தால் ஒரு ஓட்டில் தோற்றிருப்போம். கணக்கு எனக்கு உடனே உறைத்தது. மதினிக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது... அழுதுகொண்டே சிரித்தார்.

அன்று சாயங்காலம் ஊர் வாட்ஸ்அப் குரூப்பைப் பார்க்க வேண்டுமே! சிங்கப்பூர் ரூம் ஆறு பேரும் ஆளாளுக்குப் போட்டிருந்தார்கள்: 'நான்தான் வீட்ல சொன்னேன்.' துபாய்க்காரர் சொன்னார். பச்சை சொன்னது, சிவப்பும் சொன்னது. அண்ணன் தன் போட்டோவைப் போட்டு 'வெற்றிக்கு உழைத்த அனைவருக்கும் நன்றி' என்று கீழே எழுதியிருந்தான். உரிமை கொண்டாடியவர்களை எல்லாம் கூட்டினால் எங்கள் வார்டில் இருக்கிற ஓட்டைவிடக் கூட வரும் போல.

மறுநாள் மதினியோடு வள்ளிக்கண்ணு வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்வதா, கேட்பதா என்று மதினிக்குத் தெரியவில்லை. "வள்ளி... ஒங்க வீட்டுக்காரரு சொன்னத மறக்கலேன்டு சொன்னீகளே..." என்று இழுத்தார்.

"ஆமா, மறக்கல. நல்லா ஞாபகம் இருந்துச்சு." வள்ளிக்கண்ணு முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார். "ஞாபகம் இருந்தாப் போடணும்டு இருக்கா? அதவிடுங்க சித்ராக்கா, சாவிய வாங்குற வழியப் பாருங்க."

அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டு மதினி திரும்பி என்னைப் பார்த்தார். நானும் கேட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் அங்கிருந்தே ஓட்டுப் போட வழி செய்ய வேண்டும் என்று யாராவது மனுக் கொடுத்தால் முதல் கையெழுத்து என்னுடையது. பட்டாளத்துக்காரருக்குக் கொடுக்கிற மாதிரி தாராளமாகக் கொடுங்கள்...

ஆளுக்கு ஒன்று.