மட்காட்டில் ஒட்டிய தகரப் பேணி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைக் கண்டாலும் அது எங்கிருந்து வந்தது என்று தோண்டாமல் சோறு இறங்காது. என் உழவு மெசின், டிரக்டர்தான், அதில் நன்றாக மாட்டிக்கொண்டது. எங்கள் உன்னிச்சை வட்டையில் எந்த வயலைப் பார்த்தாலும் இந்தச் சிவப்பு மெசின்தான் நிற்கும். பெரிதுமில்லை, சிறிதுமில்லை. சேற்றிலும் உழும், பின்னால் பெட்டி பூட்டினால் நெல்மூட்டையும் இழுக்கும். முதலில் இங்கிலாந்தில் செய்தார்களாம், பிறகு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும். பழையதாக வாங்கிய என்னுடையது எந்த நாட்டுப் பிள்ளை? கத்தியால் பெயின்றைச் சுரண்டினேன். சிவப்புக்குக் கீழே பச்சை, அதற்குக் கீழே மறுபடி சிவப்பு.

"உழ வாங்கினீங்களா, தோலுரிக்க வாங்கினீங்களா?" என்றாள் மனைவி.

இருக்கைக்குப் பக்கத்தில், சக்கரத்தை மூடும் மட்காட்டில் ஒரு தகரப் பேணி, சின்ன டப்பா, ஒட்டியிருந்தது. கிறீஸ் வைக்கக் கொம்பனியே ஒட்டி அனுப்பியது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அளந்துவிட்டேன். நானும் அதை நம்பினேன், அதுதான் பகிடி.

போன பெரும்போக விதைப்புக்கு வாகரையில் ஒரு அக்காவின் சின்ன வயலை உழப் போனேன். தேத்தண்ணி கொண்டுவந்தவர் கோப்பையை என் கையில் தந்துவிட்டுப் பேணியைத் தடவினார்.

"தம்பி, இது கொம்பனி வைச்சதில்ல. என்ட மனுசன் ஒட்டினது, வெத்தில பாக்கு வைக்க. அடியில பாருங்க, மூணு ஓட்டை. மழைத்தண்ணி வடிய நான்தான் ஆணியால குத்தின."

குனிந்து பார்த்தேன். மூன்று ஓட்டை. ஐயோ, மெசினைக் கேட்கப் போகிறாரே என்று சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். அவர் கேட்டது வேறு.

"சண்டையில இடம்பெயர்ந்த நேரம், விட்டுட்டு வந்த நெல்லை ஏத்த இந்த மெசின்லதான் போனவர். வரவே இல்ல. மெசினை வித்துப்போட்டு எவளோடயோ போயிட்டார் எண்டு ஊர்ச்சனம் இண்டைக்கும் கதைக்குது. வித்தது அவர்தானா? அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க தம்பி."

எனக்கு விற்ற ஏறாவூர் வியாபாரிக்கு அங்கேயே போன் எடுத்தேன். அக்காவுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினேன்.

"அதை ஆரும் விக்கல்ல தம்பி. காட்டோரம் ஆளில்லாம நிண்ட. வருசக்கணக்கா ஒருத்தரும் தேடி வரல்ல. பிறகுதான் நான் போய் ஏத்தின."

அக்கா போனுக்குக் கிட்டே வந்தார். "பேணிக்குள்ள என்ன கிடந்த?"

"பேணிக்குள்ளயா? துருப்பிடிச்ச பாக்குவெட்டி ஒண்டு. காஞ்ச பாக்கும் கிடந்த."

அக்கா அப்படியே வரம்பில் குந்திவிட்டார். "கக்கூசுக்குப் போனாலும் பாக்குவெட்டியை மடியில செருகிட்டுப் போற மனுசன் தம்பி. அதை விட்டுட்டு அவராப் போகமாட்டார். ஆரோ அவரை இறக்கிக் கொண்டு போயிருக்கானுகள்."

இத்தனை நாளும் பெயின்றைச் சுரண்டிய நான் இதை ஒருதரமும் கேட்கவில்லை.

அடுத்த வயலில் இரண்டு பெண்கள் புல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, அவர்களைப் பார்த்துக் கத்தினார்.

"கேட்டீங்களா? அவர் விக்கல்ல! என்னை விட்டுட்டுப் போகல்ல!"

கத்தி முடித்த பிறகுதான் அழுதார்.