கட்டிப்பிடிக்காத ஞாயிறு

புஹோமா என்ற மலைக்கிராமத்தில், காட்டோரத்து விடுதியில் பயணத் திட்டம் போடுகிறவள் கெம்பபாசி. பதினெட்டு வருடமாகக் கொரில்லா பார்க்க வருகிறவர்களைக் காட்டுக்குள் அனுப்பிவைக்கிறாள்.

"மூணு மணி நேரம் ஏறணும், முட்டி சம்மதிக்குமா? பேண்டை சாக்ஸுக்குள்ள சொருகிக்கோங்க. எறும்பு ஏறுச்சுன்னா ஆடிக்கிட்டே போக வேண்டியதுதான்" என்பாள். கடைசியாக ஒன்று கேட்பாள்: "தும்மல், சளி உண்டா?"

மனிதச் சளி தொற்றினால் கொரில்லாக் குடும்பமே காலியாகிவிடும். கடல் தாண்டி வந்த ஒரு மருத்துவர் "வெறும் தூசிம்மா" என்று கெஞ்சினார். "எல்லாருக்கும் தூசிதான்" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். பொல்லாதவள் என்ற பெயர் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

இத்தனைக்கும் அவள் ஒரு கொரில்லாவைக்கூடப் பார்த்ததில்லை. எப்போதும் யாராவது ஒரு விருந்தாளிக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருப்பாள். இந்த வருடம் வழிகாட்டி டிபெசிக்வா அவள் பெயரிலேயே அனுமதிச் சீட்டு வாங்கிவந்து மேஜைமேல் வைத்தான்.

"கரூங்கி குட்டி போட்டிருக்குக்கா. கைக்குள்ள அடங்குற அளவுதான் இருக்கு. வளர்றதுக்குள்ள வந்து பாருங்க."

கரூங்கி என்ற அந்தப் பெண் கொரில்லாவின் கதை முழுக்க அவளுக்கு மனப்பாடம். முகம் மட்டும்தான் தெரியாது. அந்தக் குட்டியை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது. தனக்கும் ஒரு திட்டத்தாள் எழுதினாள். முட்டி? சம்மதிக்கும். சளி? இல்லை.

புதன்கிழமை பயணம். அதற்கு முந்தைய ஞாயிறன்று தேவாலய வாசலில் செய்தி பரவிவிட்டது. எங்கள் கிகா ஜனங்களுக்குக் கையசைத்து வழியனுப்பத் தெரியாது. இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை, எலும்பு நோகக் கட்டிப்பிடித்தால்தான் திருப்தி. பாட்டுக்குழு முழுவதும் கட்டிப்பிடித்தது. மூக்கு ஒழுகும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நியாமிஜாவும் கட்டிப்பிடித்தாள். காட்டுக்குப் போகும் முன் ஒரு வாரத்துக்கு யாரையும் அணைக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவள், தன் முறை வந்தபோது கையை அகல விரித்துக்கொண்டு நின்றாள்.

புதன் காலையில் தொண்டை கரகரத்தது. ஒரே ஒரு தும்மல். வீட்டில் வேறு யாரும் இல்லை.

காட்டு வாசலில் டிபெசிக்வா எல்லோரையும் பார்த்து, "யாருக்காவது சளி இருக்கா?" என்றான். அவள் முகத்தைப் பார்த்தும் பார்க்காதவன்போல் அடுத்த பேச்சுக்குத் தாவினான்.

'தூசிதான்' என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த மருத்துவரின் முகமும் கூடவே வந்தது. கையைத் தூக்கினாள்.

"எனக்கு இருக்குப்பா."

சாயங்காலம் திரும்பி வந்த டிபெசிக்வா கோபமாக இருந்தான். "நான்தான் கண்டுக்காம விட்டேன்ல? வாயை மூடிட்டுப் பின்னாடியே வந்திருக்கலாம்ல?"

"நீ கண்டுக்க மாட்டேன்னு தெரிஞ்சுது. அதான் நானே சொன்னேன். குட்டி எப்படி இருக்கு?"

"கரூங்கியோட மாரை விட்டு இறங்கவே இல்ல."

போதும் என்று தலையாட்டினாள். அவளுக்குப் போதவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மூன்று வாரம் கழித்து, காட்டுக்குப் போக இன்னொரு நாள் கிடைத்தது. அதற்கு முந்தைய ஞாயிறன்று தேவாலயத்திலிருந்து வெளியே வந்தவள் திகைத்துப்போய் நின்றாள். ஊரே முற்றத்தின் மறு ஓரத்தில், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றது. ஒருவரும் நெருங்கவில்லை. நியாமிஜா தன்னைத்தானே இறுக அணைத்துக்கொண்டு அங்கிருந்தே கத்தினாள்: "போய்ப் பாத்துட்டு வாடி! எல்லாத்தையும் சேத்துவெச்சுக் கட்டிக்கிறேன்!"

கெம்பபாசி கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

"ஐயையோ, மறுபடியும் சளியா?" என்று கூட்டமே பதறியது.

"இல்லடி, அழறேன்டி!" என்றாள் கெம்பபாசி.