கூரைமேல் வந்த மருமகன்

கிளிஃப்டனுக்குத் தன் மாமியார் மர்ட்டிலின் முகம் தெரியாது. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம் ஆகிறது. ஆனால் அவள் காலடித் தடம் நன்றாகத் தெரியும். இடது பாதம் சற்று வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், கட்டைவிரல் மணலில் ஆழப் பதிந்திருக்கும். அந்தத் தடம் புதிதாகக் கிடந்தால் அவன் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவான். ஆக்டன் கிணறு என்கிற அந்த ஆஸ்திரேலியப் பாலைவன ஊரில் மருமகன் மாமியாரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை, பேசுவதில்லை, ஒரே வண்டியில் ஏறுவதில்லை. அதைவிட வெட்கக்கேடு வேறு இல்லை. அவளுக்கு அவன் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆயுசுக்கும் இறைச்சி கொண்டுவந்து போட வேண்டும்.

கிளிஃப்டனுக்கோ குறி வராது. இவனைக் கண்டால் கங்காரு எழுந்திருக்கக்கூட மெனக்கெடாது என்று மச்சான்மார் கேலி பேசுவார்கள். அதனால் இறைச்சிக்குப் பதிலாக அவன் மாமியாருக்குச் செலுத்தியதெல்லாம் வண்டி வேலைதான். அவன் அப்பன் மாட்டுப் பண்ணையில் வேலி போட்டவன். இவன் பன்னிரண்டு வயதிலேயே அந்தப் பண்ணை ஜெனரேட்டர் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டான். சத்தத்தை வைத்து இது யார் வண்டி என்று சொல்ல இந்த ஊரில் எல்லோருக்கும் வரும். வண்டிக்கு என்ன நோவு என்று சொல்ல அவனுக்கு மட்டும்தான் வரும்.

மர்ட்டிலின் டொயோட்டா, முதுகு நீண்டு உள்ளே இரண்டு பலகை இருக்கை போட்ட பழைய வண்டி. அந்தக் கோடையில் யாரோ இரவல் வாங்கிப் போய், ரேடியேட்டர் ஒழுகுவதைப் பார்க்காமல் ஓட்டி, இன்ஜினை வேகவைத்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனார்கள். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. யாருக்கும் அவசரம் இல்லை, ஐவியைப் பற்றித் தகவல் வரும் வரைக்கும்.

ஐவி என்பவள் மர்ட்டிலின் கூடப்பிறந்த அக்கா. கிளிஃப்டனுக்கு அவளும் மாமியார் முறைதான். நாலு வருஷமாக முந்நூற்று எண்பது கிலோமீட்டர் தள்ளி டவுனில் இருந்தாள். திங்கள், புதன், வெள்ளி என்று ரத்தம் சுத்தம் செய்கிற மெஷினில் ஏறி இறங்குவதுதான் அவள் பிழைப்பு. அந்த வருஷம் நல்ல மழை. அவள் பிறந்த மணல்மேடு முழுக்கப் பூ என்று கேள்விப்பட்டதிலிருந்து ஒரே பேச்சாக இருந்தாள். ஒரு சனிக்கிழமை நர்ஸ் தொலைபேசியில் சொன்னாள்: இதயம் தளர்ந்துவிட்டது, கூட்டிப்போவதானால் வருகிற வாரமே கூட்டிப்போங்கள். வெள்ளி மதியம் மெஷினிலிருந்து இறங்கியதும் புறப்படலாம். ஆனால் திங்கள் காலை ஏழு மணிக்குத் திரும்ப ஏறியாக வேண்டும். தவறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஊரில் ஓடுகிற மற்ற வண்டிகள் எல்லாம் தெற்கே ஒரு துக்கத்துக்குப் போயிருந்தன. மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று மர்ட்டிலின் வெந்துபோன வண்டி. இன்னொன்று ஊர்ப்புறத்தில் ஒற்றை மரத்தடியில் நின்றது. அதே டொயோட்டா, அதே இன்ஜின், ஆனால் கல்லுக்குண்டு மாதிரி இருந்தது. அது ஐவியின் ஒரே மகனுடையது. அவன் இறந்து இரண்டு கோடை ஆகிவிட்டது. அவன் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. குன்மனரா என்பார்கள், பெயர் சொல்லக் கூடாத எவருக்கும் அதுதான் பெயர். செத்தவன் வண்டியைப் பச்சிலைப் புகை போட்டு, தூரத்துச் சொந்தக்காரருக்குக் கொடுத்து அனுப்ப வேண்டும். மேற்கேயிருந்து அவர்கள் இன்னும் வந்தபாடில்லை.

ஞாயிறு காலையில் கிளிஃப்டன் அந்த மரத்தடிக்குச் சங்கிலியும் ஸ்பேனருமாகப் போனான். அவன் பெண்டாட்டி வெர்னா நட்டுகளைப் போட ஒரு தகர டப்பாவோடு கூடப் போனாள். இரண்டு போல்ட்டைக் கழற்றியிருப்பான். பின்னால் நாய் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. திரும்பாமலே தெரிந்தது. மாமியாரின் நாய் சார்ஜென்ட். நாய் இருந்தால் அவளும் இருப்பாள். அவன் இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டான். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று நாயிடம் பேசினாள்.

“டேய் சார்ஜென்ட், செத்தவன் வண்டியில ஏதோ சுரண்டுற சத்தம் கேக்குதுடா. எலின்னு நெனச்சேன். எலிக்கு ஏதுடா ஸ்பேனர்?”

கிளிஃப்டன் இன்ஜினுக்குள்ளிருந்தே, “வெர்னா, அந்த நாய்கிட்ட சொல்லு. இந்த இன்ஜின் அப்படியே அந்த வண்டியில உக்காந்துக்கும், ஒரு நாள் வேலை. வெந்துபோனதைப் பிரிச்சு வேலை பாத்தா நாலு நாள் ஆகும். அப்பவும் சத்தியம் பண்ண முடியாது” என்றான்.

“ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் கேக்குது. நடுவுல நான் என்ன ரேடியோவா?” என்றாள் வெர்னா.

“புகை போட்டுட்டு எடுத்துக்கலாம்னு சொல்லு” என்றான் அவன்.

மர்ட்டில் குனிந்து நாயின் கழுத்தைத் தடவினாள். பிறகு, “நாயே, புகை போட்டா வாசனை போகும். சத்தம் போகுமா? வெள்ளிக்கிழமை அக்கா ஜன்னலோரம் உக்காந்திருப்பா. ஆஸ்பத்திரி ரோட்டுல இந்த இன்ஜின் திரும்பினா, மகன் வந்துட்டான்னு எந்திரிச்சு வாசலுக்கு ஓடுவா. அவன் பேரைச் சொல்லக் கூடாதுங்குறோம். குரலை மட்டும் எழுப்பலாமா?” என்றாள்.

ஸ்பேனர் பிடித்த கை அப்படியே நின்றது. அவள் சொன்னது உண்மை. அந்த இன்ஜின் மேடேறும்போது ஒரு செருமல் செருமும், ஊரில் அதைத் தெரியாதவர் இல்லை. அவன் கழற்றிய இரண்டு போல்ட்டையும் திரும்ப முடுக்கினான். நாயும் அவளும் போன பிறகுதான் தலையை வெளியே எடுத்தான். ஆனால் மனசுக்குள் முள் தைத்துவிட்டது. ‘நல்ல இன்ஜின் இருக்கு, வேண்டாங்குறா. நாளைக்கு நடுவழியில நின்னா யாரைக் கேப்பா? என்னைத்தான்.’

அந்த முறைப்போடுதான் வேலையில் இறங்கினான். பழைய இன்ஜினைப் பிரித்து, முன்பே வாங்கி வைத்திருந்த புது ரிங், புது பேரிங், புது கேஸ்கெட் போட்டான். ஹெட் மட்டும் கொட்டகையில் கிடந்த இன்னொரு இன்ஜினுடையது. புதன்கிழமை மதியம் ஹெட் போல்ட்டுகளை முடுக்கினான். அதற்கென்று ஒரு ஸ்பேனர் வைத்திருந்தான், போதிய முறுக்கு ஏறியதும் டிக் என்று சொல்லும். ஆறு போல்ட் சொன்னது. ஏழாவது சொல்லவில்லை, வெண்ணெயில் திருகுவது மாதிரி போய்க்கொண்டே இருந்தது. உள்ளே மரை தேய்ந்திருக்கிறது. கடைசியில் எப்படியோ ஒரு டிக் சொன்னது. அதை நம்பக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். மரையைச் சரி செய்ய டவுனிலிருந்து சாமான் வர வேண்டும், ஒரு வாரம் ஆகும். ‘இதைத்தானே கேட்டீங்க, இதுலயே போங்க’ என்று ஒரு கெட்ட நினைப்பு வந்தது. கையைத் துடைத்தான். யாரிடமும் வாய் திறக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. புது கேஸ்கெட் சூட்டில் அமுங்கும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்ஜினை ஆறவிட்டு எல்லா போல்ட்டையும் ஒருமுறை முடுக்க வேண்டும். ஐந்நூறு என்றால் டவுனுக்குப் போய்த் திரும்புகிற வழியில், ஐவியை ஏற்றிய பிறகு வரும். வண்டியை வெர்னா ஓட்டுவாள். முடுக்குவது யார்? அவன் கைதான் வேண்டும். இரண்டு மாமியார் உட்கார்ந்த வண்டியில் அவன் எப்படி ஏறுவான்?

வெர்னா தன் அம்மாவிடம் போய்ச் சொன்னாள். மர்ட்டில் சார்ஜென்ட்டின் காதைச் சொறிந்துகொண்டே, “கூரைமேல மூட்டை ஏத்துறது வழக்கந்தானடா. எந்த மூட்டைன்னு உள்ள இருக்குறவளுக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

அப்படித்தான் கிளிஃப்டன் வியாழக்கிழமை விடியலில் கூரைக் கம்பிமேல் ஏறினான். பக்கத்தில் இரண்டு ஸ்டெப்னி டயர், ஒரு மெத்தைச் சுருள், மூன்று தண்ணீர் டின். உள்ளே வெர்னாவும் மர்ட்டிலும், காலடியில் சார்ஜென்ட். டவுன் வரைக்கும் புழுதியைத் தின்றுகொண்டே போனான். வழியில் வெர்னா நிறுத்தி, “மூட்டைக்குத் தாகமா?” என்று கேட்டுக் குடுவையை மேலே நீட்டினாள். உள்ளே மர்ட்டில் சிரிப்பை அடக்கும் சத்தம் அவனுக்குக் கேட்டது.

வெள்ளி மதியம் ஐவியைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். கீழே ஆஸ்பத்திரிச் செருப்பு தரையில் உரசுவது கேட்டது. நாலு எட்டுக்கு ஒருமுறை அது நின்று மூச்சு வாங்கியது. ஆள் இவ்வளவு இளைத்திருப்பாள் என்று அவன் நினைக்கவே இல்லை. அப்போதுதான் ஏழாவது போல்ட் நினைவுக்கு வந்தது.

டவுனிலிருந்து நூற்று இருபது கிலோமீட்டர் வந்ததும் கூரையைத் தட்டினான். வண்டி நின்றது. கிழவிகள் இருவரும் இருபது எட்டு தள்ளி மர நிழலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையோடு கம்பளி போர்த்திக்கொண்டார்கள். இன்ஜின் ஆற மூன்று மணி நேரம் ஆயிற்று. கிளிஃப்டன் முடுக்கத் தொடங்கினான். டிக். டிக். ஆறும் சொன்னது. ஏழாவது சுற்றியது, இன்னும் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மற்றதெல்லாம் பிடித்தது.

“வெர்னா, ஏழாவது போல்ட் பிடிக்கல.”

“இப்பத்தான் தெரிஞ்சுதா?”

பொய் சொல்லியிருக்கலாம். அவன் ஸ்பேனரைப் பார்த்துக்கொண்டே, “இல்ல. புதன்கிழமையே தெரியும்” என்றான்.

“புதன்கிழமையேவா!” வெர்னா போட்ட கூச்சலில் மரத்திலிருந்து கிளிகள் கிளம்பிப் பறந்தன. “எங்கம்மா வேண்டாம்னு சொன்னதுக்குப் பெரியம்மா உசிர வெச்சா வெளையாடுவ? நாக்கு எங்க போச்சு ஒனக்கு? சொல்லியிருந்தா நடந்தாவது வேற வண்டி பிடிச்சிருப்போமே!”

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். பிறகு, “இப்பவே திரும்பினா டவுனுக்கு நிச்சயமாப் போயிரலாம். மேட்டுக்குப் போய்த் திரும்புறதுன்னா இன்னும் அறுநூத்தி நாப்பது இருக்கு. தாங்கலாம், தாங்காமலும் போகலாம். இதை நான் முடிவு பண்ணக் கூடாது” என்றான்.

கம்பளிக்குள்ளிருந்து ஐவியின் குரல் மெல்ல வந்தது. “சார்ஜென்ட், இங்க வாடா. அந்த ஆளக் கேளு, மத்த போல்ட்டெல்லாம் பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்கு” என்றான் கிளிஃப்டன், நாயைப் பார்த்து.

“எனக்கு ரெண்டு கிட்னியும் போச்சு, இதயம் பாதி போச்சு. மிச்சம் பிடிச்சிருக்கிறத வெச்சுத்தானே ஓட்டுறேன். போகச் சொல்லு. திங்கக்கிழமை தவறுனா அது என் கணக்கு. ஆனா எப்படிப் போகணும்னு இனிமே அவன் வாயத் தொறந்து சொல்லணும்.”

வாயைத் திறந்தான். வேகம் ஐம்பதைத் தாண்டக் கூடாது. கூரையில் ஒரு தட்டு என்றால் மெதுவாக, இரண்டு என்றால் உடனே நிறுத்த வேண்டும். முகப்புப் பக்கம் தலையை வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டான். வெந்த தண்ணீர் வாடை வருகிறதா என்று மூக்கைத் தீட்டியபடியே போனான். பாதி வழியில் படுத்து எழுந்து, சனிக்கிழமை காலை மணல்மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஐவி செருப்பைக் கழற்றிவிட்டுப் பூவுக்கு நடுவில் உட்கார்ந்தாள். அங்கே என்ன பேசினாள், என்ன பாடினாள் என்று கிளிஃப்டனுக்குத் தெரியாது. மேட்டுக்கு மறுபக்கம், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தான். ரேடியேட்டர் மூடியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு விடியலில் திரும்பினார்கள். நூற்றைம்பது தாண்டியதும் வாடை வந்தது. இரண்டு தட்டு. முகப்பைத் தூக்கினால் ஏழாவது போல்ட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஆவி. ஆறவிட்டார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், முப்பது கிலோமீட்டர் ஓட்டினார்கள். திரும்ப நிறுத்தம், திரும்பத் தண்ணீர். பொழுது சாய்வதற்குள் டின்கள் மூன்றும் காலி. இராத்திரி ஒரு காற்றாலைத் தொட்டியில் பிடித்த தண்ணீரும் வெளுப்பதற்குள் தீர்ந்தது. டவுன் விளக்கு தெரிகிற தூரம்தான், குடிக்க வைத்திருந்த குடுவை ஒன்றுதான் மிச்சம்.

“அது பெரியம்மாவுக்கு” என்றாள் வெர்னா.

ஐவிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் நாயிடம் சொன்னாள். “எனக்குத் தண்ணியே குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் நாலு வருஷமா கத்துறான். என் பங்கை இன்ஜினுக்கு ஊத்துங்கடா.”

மர்ட்டில் தன் தேநீர்ப் பாத்திரத்தையும், இலைத் தூளோடு, ஜன்னல் வழியே வெளியே நீட்டினாள். கிளிஃப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டி வாங்கினான். வண்டி ஆறு நாற்பதுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. நின்ற பிறகு திரும்பக் கிளம்பவில்லை. சக்கர நாற்காலி வந்தது. ஏழு மணிக்கு ஐவி மெஷினில் இருந்தாள்.

வாசலில் கிளிஃப்டன் கூரைமேலேயே குந்தியிருந்தான், இறங்கத் தைரியம் இல்லை. மர்ட்டில் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, “சார்ஜென்ட், அடுத்த தடவை போல்ட் வழுக்கினா மூட்டையை நாய்கிட்டயாவது சொல்லச் சொல்லுடா” என்றாள். குரலில் கோபம் இருந்தது, அதற்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும் இருந்தது.

அதற்குப் பிறகு ஐவி ஏழு வாரம் உயிரோடு இருந்தாள். மேற்கேயிருந்து சொந்தக்காரர்கள் வந்து புகை போட்டு, மரத்தடி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். மேட்டில் அது செருமிய சத்தம் கேட்டு ஊரே அழுதது. கிளிஃப்டனும் அழுதான்.

இப்போதும் மாமியார் வண்டிக்கு அவன்தான் வேலை பார்க்கிறான். தேய்ந்த ஏழாவது மரைக்கு டவுனிலிருந்து கம்பிச் சுருள் வரவழைத்துப் போட்டாயிற்று. ஆனால் வேலை முடிந்ததும் சாவியை வெர்னாவிடம் கொடுப்பதற்கு முன்னால் நாயைத் தேடிப் போகிறான்.

“சார்ஜென்ட், பின்பக்க பிரேக் பாதிதான் பிடிக்குது. இடது கதவு ஆடுது. ரேடியேட்டர்ல ஒரு இடம் சந்தேகமா இருக்கு.”

மாமியார் வீட்டுத் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “எல்லாம் கேட்டுக்கிட்டியாடா?” என்று ஒரு குரல் வருகிறது.