இரண்டு மடங்கில் தேவராஜ்

தேவராஜ் காலமான செய்தி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. அவருடைய மனைவி செல்வி போன் செய்தார். "அண்ணே, அவரு எழுந்திருக்கவேயில்லண்ணே. மாலை போட ஒரு போட்டோ வேணும்." எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பழக்க தோஷத்தில் "தேவராஜ்கிட்ட சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டேன்.

மந்தைவெளியில் நானும் தேவராஜும் கூட்டாக ஜெராக்ஸ் கடை நடத்தினோம். மெஷின் பழையது. ஒரே தடவையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே சுருக்காது. ஒன்றரை மடங்குக்கு மேல் பெரிதாக்காது. மற்றதெல்லாம் இரண்டு தடவையாகத்தான். அந்தக் கணக்கு அவருடைய இலாகா.

கடை திறந்த புதிதில் ஒருவர் வீட்டு வரைபடத்தைப் பாதி அளவாக்கச் சொன்னார். கால் பங்கு குறைத்தேன். மறுபடியும் கால் பங்கு குறைத்தேன். பாதி வரவில்லை, கொஞ்சம் பெரிதாகவே வந்தது. மெஷினைத் திட்டினேன். தேவராஜ் சிரித்தார்.

"இன்னா நைனா, ரெண்டாவது கால் முழுசுலேர்ந்தா போவுது? மிச்சத்துலேர்ந்துதானே போவுது. முக்காலை முக்காலால பெருக்கு. பதினாறுல ஒம்பது. பாதின்னா எட்டுல்ல?"

பெருக்கினால் எப்படி ஐயா குறையும் என்று சண்டைக்கே போனேன். அவர் பொறுமையாக முக்காலை மூன்றில் இரண்டால் பெருக்கி, பன்னிரண்டில் ஆறு என்று எழுதி, அதையும் சுருக்கிப் பாதி என்று காட்டினார். எனக்குத் தலை சுற்றியது. அவர்தான் இருக்கிறாரே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

கேமராவைக் கண்டாலே நழுவுகிற மனிதர். கடைத் திறப்பு விழாவில் எடுத்த ஒரு படம்தான் கிடைத்தது. செல்வி வாங்கி வைத்திருந்த பிரேமுக்கு அது இரண்டு மடங்காக வேண்டும். வீட்டில் உறவினர்கள் கூடிவிட்டார்கள். கடைக்கு ஓடினேன். பாதி கூட்டினேன், இன்னொரு பாதி கூட்டினேன். இரண்டு காதும் பிரேமுக்கு வெளியே போய்விட்டன. "ஏன் தேவராஜ் இப்படி வருது?" என்று திரும்பிக் கேட்டேன். அப்போதுதான் அழுகை வந்தது.

எழுதி எழுதி அடித்தேன். கடைசியில் 3/2 × 4/3 = 12/6 என்று நின்றது. சுருக்கினேன். இரண்டு!

படம் பிரேமில் கச்சிதமாக உட்கார்ந்தது. செல்வி முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார். "யாருண்ணே அளவு போட்டது?"

"நான்தாம்மா."

அவர் படத்தின் பக்கம் குனிந்தார். "இந்தாய்யா, கேட்டியா? அண்ணனே கணக்கு போட்டாராம்."

போய் வாருங்கள், தேவராஜ். அது ஏன் அப்படி வருகிறது என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஆனால் வந்துவிட்டது.