ஒஸ்வால்டைப் பார்க்க வந்த கூட்டம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் யாருக்காவது காய்ச்சல் என்றால், அது தெர்மோமீட்டருக்குத் தெரிவதற்கு முன்பே ஒஸ்வால்டுக்குத் தெரிந்துவிடும். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றபின், நோயாளி பார்ப்பதையே முழுநேர உத்தியோகமாக்கிக்கொண்ட மனிதர். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போவார், கட்டிலில் உட்காருவார், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், பிறகு தன் வயிற்று ஒப்பரேஷன் கதையை ஆரம்பிப்பார். அதை மறுபடி கேட்க வேண்டி வருமே என்ற பயத்தில் எழுந்து நடந்த நோயாளிகள் உண்டு. சிலரைக் காய்ச்சல் வருவதற்கு முதல்நாளே போய்ப் பார்த்துவிட்டார் என்பது கொஞ்சம் கூட்டிச் சொல்வது. கொஞ்சம்தான்.

புது இன்ஃபுளுவென்சா உலகமெல்லாம் பரவிய ஆண்டில், பி.எச்.ஐ. மாத்தயா, அதாவது பகுதியின் சுகாதாரப் பரிசோதகர், கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார். காய்ச்சல்காரர் தனி அறையில் இருக்கட்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், நோய் வந்த வீட்டு வாசலில் சாப்பாடு வைக்கப்போவது யார் என்று இப்போதே பேசி வையுங்கள் என்றார். கர்ப்பிணிகளுக்கு இது பொல்லாத காய்ச்சல், அவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளி பார்க்கப் போகவே வேண்டாம்.

முன்வரிசையில் இருந்து பலமாகத் தலையாட்டினார் ஒஸ்வால்ட். பிரசவத்துக்காக வீட்டுக்கு வந்திருந்த அவருடைய ஒரே மகள் ரொஷேலுக்கு அப்போது ஏழாம் மாதம். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. மறுநாளே அவளைக் கூட்டிப்போய் ஊசி போடுவித்தார்.

அந்த வாரமே பக்கத்து வீட்டில் த்ரீவீல் ஆட்டோ ஓட்டும் ரொனி காய்ச்சலில் விழுந்தான். ஒஸ்வால்ட் வாழைப்பழத்தோடு புறப்பட்டார். பி.எச்.ஐ. சொன்னது ஊருக்கு, ரொனி பக்கத்து வீடல்லவா?

இரண்டு நாளில் அவருக்கே உடம்பு முறித்தது. அப்போதுதான் முதுகெலும்புக்குள் குளிர் இறங்கியது; அது காய்ச்சல் குளிரல்ல. உடனே மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கீழே இருந்த மனைவி மாக்ரெட்டுக்குப் போன் எடுத்தார்.

“ரொஷேல படிப்பக்கம் விடாத. பின் அறையில வை. கிளினிக்குக்கு இப்பவே சொல்லு.”

கிளினிக் டாக்டர், ஊசி போட்டிருப்பது நல்லது, ஆனாலும் கவனமாகப் பாருங்கள், காய்ச்சலோ மூச்சிழுப்போ தெரிந்தால் தாமதிக்காமல் கொண்டுவாருங்கள், மருந்து இருக்கிறது என்றார்.

ஆனால் ஊரை யார் தடுப்பது? ஒஸ்வால்ட் படுத்துவிட்டாராம் என்ற செய்தி புறக்கோட்டை வரை போனது. அவர் போய்ப் பார்க்காத வீடு கொட்டாஞ்சேனையில் இல்லை. பதிலுக்கு வராவிட்டால் எந்த வீட்டுக்கு மரியாதை? மறுநாள் காலையில் வீட்டு முன் ஒழுங்கை நிறைய ஆட்கள், ஆளுக்கொரு பழப்பை. முன்னால் இளநீர்க் குலையோடு, இன்னும் இருமிக்கொண்டு ரொனி.

“அன்ட்டி, அங்கிள் எனக்கு வந்தாரு, நான் வரல்லன்னா நல்லாவா இருக்கும்? அப்பிடியே ரொஷேலையும் ஒரு எட்டுப் பாத்துட்டுப் போறம்.”

வாசலில் வந்தவரை மறிக்கும் வாய் மாக்ரெட்டுக்கு இல்லை. அவள் தடுமாறுவது மேலே கேட்டது. ஒஸ்வால்ட் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் தள்ளித் திறந்தார்.

“டேய் ரொனி! எல்லாரும் கேளுங்க! இந்தப் படியில கால் வைக்கிற வீட்டுக்கு, யாரு படுத்தாலும் சரி, நான் சாகுற வரைக்கும் வர மாட்டேன்!”

கூட்டம் அப்படியே நின்றது. அதைவிடப் பெரிய சாபம் அந்த ஒழுங்கையில் யாருக்கும் தெரியாது. பின்னால் நின்ற ஒருவர் மட்டும், “வயித்து ஒப்பரேஷன் கதையும் சொல்ல மாட்டீங்களா?” என்று ஆவலாகக் கேட்டாராம்.

அதன்பின் ஊர் தெருவில் நின்று அண்ணாந்து நோயாளி பார்த்தது. பழங்கள் கயிறு கட்டிய கூடையில் மேலே ஏறின. ஏதோ தேர்தல் கூட்டம் என்று நினைத்து ஒழுங்கை முனையில் ஒரு பஸ் நின்று, டிரைவரும் கைதட்டிவிட்டுப் போனார்.

ஜன்னலில் வீராப்பு, கதவுப் பக்கம் திரும்பினால் ஜெபமாலை. ஒரு மத்தியானம் கீழே ரொஷேல் தும்மினாள். ஒஸ்வால்ட் ஜெபமாலையைக் கட்டிலில் போட்டார். உடனே போனை அழுத்தினார்.

“மாக்ரெட், பிள்ளைக்கு என்ன?”

“ஒண்ணுமில்லங்க. நான் மொளகா வறுக்கிறேன். நானுந்தான் தும்மினேன், அது கேக்கல்லயா?”

நம்பவில்லை அவர். கிளினிக்கில் சோதித்து, இன்ஃபுளுவென்சா இல்லை, பிள்ளை சுகமாக இருக்கிறது என்று டாக்டரே போனில் சொன்ன பிறகுதான் கட்டிலில் விழுந்தார். விழுந்தவர் மறுநாள் விடியும்வரை புரளவே இல்லை.

காய்ச்சல் முற்றாக விட்டு, இறங்கிவரலாம் என்று டாக்டர் அனுமதித்த நாளில் மெலிந்துபோய்ப் படியிறங்கினார். பின் அறை வாசலில் ரொஷேல் வயிற்றில் கை வைத்தபடி நின்றாள்.

“டடி, இவன் உதைக்கிறான். இனி பயமில்லாம கிட்ட வாங்க.”

ஒஸ்வால்ட் முதலில் குழாயடிக்குப் போய், முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவினார். கண்ணையும் அங்கேயே கழுவிக்கொண்டு வந்தார்.